மறைவிட முடியும் மென்தோலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை பதிலளிக்க எடுத்துக்கொண்ட ஆறு கடிதங்களும் ஒரே விடயத்தைப் பற்றியவை. ஒருவர் மட்டும் தம் பெயரை எழுதியிருந்தார். அவரும் அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கமக்கட்டு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றின் முடியை வீட்டில் எப்படி அகற்றுவது என்ற கேள்வியை நம் பெண்கள் தாயிடமும் கேட்பதில்லை, கிளினிக்கிலும் கேட்பதில்லை. புண் வந்த பிறகே, அதுவும் வேறொரு வருத்தத்தைச் சொல்லி வந்து, புறப்படும்போது கதவடியில் நின்று மெதுவாகக் கேட்பார்கள். வன்னியின் வைத்தியசாலைகளில் தாதியாகப் பணியாற்றிய ஆண்டுகளில் அப்படிக் கதவடியில் கேட்கப்பட்ட கேள்விகள் பல எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. ஆகவே இந்தப் பக்கத்தில் எதையும் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

*

கேள்வி: எனக்கு 27 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பாதுகாப்புக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் முழங்காலில் இருந்து வேலை செய்வதால், கமக்கட்டும் தொடையிடுக்கும் எந்நேரமும் ஈரமாகவே இருக்கின்றன. நாற்றம் வருமோ என்ற பயத்தில் கிழமைக்கு ஒரு தடவை றேசரால் வழிப்பேன். மூன்றாம் நாள் சிறு பருக்கள் கிளம்பும், சிலவற்றில் சிதழ் வைக்கும். போன மாதம் ரவுணில் முடி நீக்கும் கிறீம் ஒன்றை வாங்கி, முடி முழுதாகப் போகட்டும் என்று குறித்த நேரத்தை விடக் கூட வைத்திருந்தேன். தோல் உரிந்து, இரண்டு நாள் நடக்கவே முடியவில்லை. வேலைத்தலத்துத் தோழி வாக்ஸ்தான் நல்லது என்கிறாள். நான் எதைத் தெரிவு செய்வது?

பதில்: தங்கைக்கு, முதலில் உரிந்த தோல் முழுதாக ஆறட்டும். அது வரை அந்த இடத்தில் பிளேட்டும் வேண்டாம், கிறீமும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம். வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, ஒற்றித் துடைத்து, வெறும் பெற்றோலியம் ஜெலியை மெல்லியதாகப் பூசினால் போதும். நீர் வடிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள்.

இனித் தெரிவைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று நாற்றம், மற்றது முடி. இரண்டையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். நாற்றம் முடியிலிருந்து வருவதில்லை; கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒரு வகை வியர்வைச் சுரப்பியின் கசிவைத் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் வருகிறது. கமக்கட்டில் முடி குறைந்தால் அந்த நாற்றம் ஓரளவு குறையும் என்பது உண்மை. தொடையிடுக்கில் நிலைமை வேறு. அங்கே தோலும் தோலும், தோலும் துணியும் ஓயாமல் உரசுகின்றன. அந்த உராய்வைத் தாங்கும் மெத்தையாக இருப்பது முடி. நாள் முழுதும் முழங்காலில் இருந்து வேலை செய்யும் ஒருவர் அந்த மெத்தையை அடியோடு எடுத்துவிட்டால், மிஞ்சுவது புதிதாக வெட்டுப்பட்ட மயிர்க்கால்களும், வியர்வையும், இறுக்கமான துணியும்தான். மூன்றாம் நாள் பரு கிளம்புவதற்குக் காரணம் இதுவே தவிர, உங்கள் சுத்தக்குறைவு அல்ல.

ஆகவே உங்கள் வேலைக்கும் உங்கள் தோலுக்கும் நான் சொல்வது கத்தரிப்பு மட்டுமே. முடியை அடியோடு எடுக்காமல், சுமார் அரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்குக் குறைத்து வைத்திருங்கள். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலும் ஒரு சீப்பும் இருந்தால் போதும்: முடி காய்ந்திருக்கும்போது சீப்பால் அதைத் தூக்கி, சீப்புக்கு மேலே நிற்பதை மட்டும் வெட்டுங்கள். கத்தரிக்கும் தோலுக்கும் இடையில் சீப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே விதி. மின்கலத்தில் இயங்கும் றிமர் வாங்க முடிந்தால், அதன் முனையில் பொருத்தும் சீப்பு உறையைக் கழற்றாமல் பாவியுங்கள். அது உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். உள் இதழ்களிலும், பிறப்புறுப்பின் ஈரமான உட்புறத்திலும், மலவாயைச் சுற்றியும் எந்தக் கருவியும் வேண்டாம். கத்தரித்த முடி திரும்ப வளரும்போது குத்தாது, உள்ளே வளைந்து வளராது, தோல் வெட்டுப்படாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை செய்தால் போதும். செலவும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கமக்கட்டை மழித்தே ஆக வேண்டும் என்றால் மழிக்கலாம், ஆனால் முறையாக. வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, இரவில் செய்யுங்கள்; காலையில் மழித்துவிட்டுக் கவசத்துக்குள் புகுவது காயத்தின் மேல் உப்பு நீரை ஊற்றுவதற்குச் சமம். இளஞ்சூட்டு நீர் ஐந்து நிமிடமாவது பட்டால் முடி மிருதுவாகும். நம் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து தோலில் படிந்துவிடும், பிளேட் வழுக்காது, இழுக்கும். அதனால் சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சவர ஜெல் அல்லது சவரக் கிறீமைப் பூசி, கொதித்தாறிய நீரில் கழுவுங்கள். பிளேட் கூராக இருக்க வேண்டும். முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல், அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. எதிர்த்திசையில் இழுத்தால் தோல் மொழுமொழுப்பாக வரும் என்பது உண்மைதான்; ஆனால் அப்போது முடி தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டு, சுருண்ட முடியாக இருந்தால் வெளியே வராமல் உள்ளேயே வளைந்து வளர்ந்துவிடும். ஐந்து முதல் ஏழு தடவை பாவித்ததும் பிளேட்டை மாற்றுங்கள். குளியலறை ஈரத்தில் வைக்காமல், கழுவிக் காய வைத்து எடுத்து வையுங்கள். மழித்த அடுத்த நாள் வாசனைத் திரவியமும் ரோல்-ஒனும் வேண்டாம். குளத்திலோ வாய்க்காலிலோ குளிப்பதையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

மழித்தால் முடி தடிப்பாக வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. பிளேட் முடியைக் குறுக்கே வெட்டுவதால் முனை தட்டையாகிறது, தொடும்போது முரடாகத் தெரிகிறது. வேர் தோலுக்குள் இருக்கிறது; அதைப் பிளேட் தொடுவதேயில்லை.

கிறீமில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே தவறைப் பலரும் செய்கிறார்கள். முடி நீக்கும் கிறீம்களில் தயோகிளைக்கொலேற்று என்ற உப்பும், அதை வேலை செய்ய வைக்கும் காரமும் இருக்கின்றன. அவை முடியின் கெரற்றின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்து, முடியைக் கூழாக்கிவிடுகின்றன. நம் தோலின் மேற்படையும் அதே கெரற்றினால் ஆனதுதான். தோல் சிறிது பொறுக்கும், அவ்வளவே. பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் அந்தப் பொறுமையின் எல்லை. அதைத் தாண்டினால் முடியோடு தோலும் கரையத் தொடங்கும். எரிவு தொடங்கிய கணமே, நேரம் முடியாவிட்டாலும், துடைத்தெடுத்து ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். காரத்தை முறிக்கலாம் என்று தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ பூசக் கூடாது. கால்களுக்கென்று விற்கும் கிறீமை மறைவிடத்துக்குப் பாவிக்கக் கூடாது. மறைவிடத்துக்கென்று தெளிவாக எழுதியிருந்தாலும், தொடையின் உட்பக்கம் சிறு இடத்தில் பூசி, 24 மணித்தியாலம் பார்த்த பிறகே தொடலாம். உங்கள் தோல் ஒரு முறை எரிந்துவிட்டதால், உங்களுக்கு இனிக் கிறீம் வேண்டாம் என்பதே என் கருத்து.

தோழி சொல்லும் வாக்ஸ் முடியை வேரோடு இழுப்பதால் மூன்று நான்கு கிழமைக்கு வளராது; அதன் நன்மை அதுதான். ஆனால் அதற்கு முடி அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் சூடாக்கும்போது வெப்பத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. சீனியும் தேசிக்காய்ப் புளியும் காய்ச்சும் பாகு இயற்கையானது என்பதால் சுடாது என்று எண்ண வேண்டாம். சீனிப்பாகு கொதிநீரை விடச் சூடேறும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மறைவிடத்தின் தோல் மெல்லியது, தளர்ந்தது, இழுக்கும்போது கிழியக்கூடியது. பருவுக்கு ஐசோட்ரெட்டினொயின் மாத்திரை எடுப்பவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை வாக்ஸ் செய்யவே கூடாது. சலரோகம் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. உங்களுக்கு ஏற்கெனவே சிதழ்ப் பரு வருவதால் நான் இதற்கும் சம்மதிக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. பரு வந்தால் ஊசியால் கிண்டாதீர்கள். இளஞ்சூட்டுத் துணியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை பத்து நிமிடம் வைத்து ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் கமக்கட்டிலோ தொடையிடுக்கிலோ ஆழமான, வலிக்கும் கட்டிகள் ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வந்து, உடைந்து, தழும்பு வைத்தால், அது மழித்ததால் வந்த பரு அல்லாமல் ஹைட்ரடினைற்றிஸ் சப்புரேட்டிவா என்னும் தோல் நோயாக இருக்கலாம். அது அசுத்தத்தால் வருவதும் இல்லை, மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்து, தோலுக்கடியில் புரை ஓடிய பிறகு வருபவர்களைக் கண்டிருக்கிறேன்.

மற்றது, பருவுக்கும் கறுப்புக்கும் என்று கடையில் கேட்டு வாங்கிப் பூசும் கிறீம்கள். அவற்றில் பலவற்றில் ஸ்ரெரொயிட் இருக்கிறது. மூன்று நாளில் சொறி அடங்கும், தோல் வெளுக்கும், மனம் மகிழும். பிறகு தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளக்கும். அடியில் படர்தாமரை இருந்திருந்தால் அது வட்டம் வட்டமாகத் தொடை முழுதும் பரவும். வியர்வையில் நனைந்த தொடையிடுக்கில் சொறிந்தால், ஓரம் சிவந்து நடுப்பகுதி வெளுத்து இருந்தால், அது பங்கசு நோயாக இருக்கலாம்; வைத்தியரிடம் காட்டாமல் எதையும் பூச வேண்டாம். உங்கள் வேலைக்கு நான் சொல்லும் உண்மையான மருந்து, பருத்தி உள்ளாடை இரண்டைப் பையில் வைத்திருந்து, நண்பகல் ஓய்வில் ஈரத்தைத் துடைத்து ஒன்றை மாற்றிக்கொள்வதுதான். சோளகம் வீசும் மாதங்களில், தூசியும் வியர்வையும் சேரும்போது, இந்த ஒரு பழக்கம் எந்தக் கிறீமையும் விடக் கூடுதலாக உதவும்.

*

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பெரியபிள்ளையாகி ஒரு மாதம். சாமத்தியச் சடங்கு வைக்கிறோம். கையில்லாத சட்டை தைத்திருக்கிறது. கமக்கட்டு முடி தெரியும், அலங்காரம் செய்ய வரும் பிள்ளை முதல் நாள் வாக்ஸ் செய்யலாம் என்கிறாள். என் மாமியார் கஸ்தூரி மஞ்சளும் பயற்றமாவும் பூசி வந்தால் முடி தானாக உதிரும் என்கிறார். எது சரி? – ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: அம்மா, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோலில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சடங்குக்கு முதல் நாள் வாக்ஸ் செய்வதை நான் விரும்பவில்லை. தோல் எப்படி எதிர்வினை காட்டும் என்பது யாருக்கும் தெரியாது. தடித்துச் சிவந்த கமக்கட்டோடு பிள்ளை மணவறையில் இருக்க வேண்டி வரும். சட்டைக்குக் கை வைத்துத் தைக்கச் சொல்லலாம். அது முடியாவிட்டால், மூன்று நாளுக்கு முன், முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நீங்களே ஒட்டக் கத்தரித்துவிடுங்கள். படத்திலும் தெரியாது, பிள்ளைக்கும் நோகாது.

மஞ்சள் முடியை உதிர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பயற்றமாவைக் காயவிட்டு உரசித் தேய்க்கும்போது மெல்லிய பூனைமுடி சில இழுபட்டு வரும். அதைக் கண்டுதான் மஞ்சளுக்குப் பெயர் வந்திருக்க வேண்டும். முகத்திலும் கையிலும் மெதுவாகப் பூசுவதில் குற்றமில்லை. மறைவிடத்தில் உரசித் தேய்ப்பது வேண்டாம். மாமியாரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்ப்பதில் அவருக்கு இருக்கும் இடத்தை யாரும் எடுக்கப் போவதில்லை. ஆனால் எவராவது வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினால் முடி கழன்றுவிடும் என்று சொன்னால், உடனே தடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் சேர்த்துப் பூசி முடி கழற்றும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அரிதாரம் ஆர்சனிக் நஞ்சு, சுண்ணாம்பு தோலை வேக வைக்கும் காரம்.

சடங்கு முடிந்த பிறகு ஒரு நாள் பிள்ளையைத் தனியே இருத்தி, இந்த முடி ஏன் வருகிறது, அது அழுக்கல்ல என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவள் அப்பாவின் றேசரை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைப் பூட்டுவாள். இதை வாசிக்கும் மற்றத் தாய்மாருக்கும் ஒரு குறிப்பு: எட்டு வயதுக்கு முன் பெண்பிள்ளைக்கு மறைவிட முடி தோன்றினால், அகற்றும் வழி தேடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

*

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சாள் வீட்டில் பாவிக்கும் ஒளிக்கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறா. நிரந்தரமாக முடி போகும் என்கிறா. நான் நல்ல கறுப்பு. மறைவிடத்தில் பாவிக்கலாமா? – மாங்குளம் வாசகி

பதில்: வேண்டாம். அந்தக் கருவி முடியில் உள்ள மெலனின் என்ற கருநிறப் பொருளைத் தேடி ஒளியைப் பாய்ச்சி, வெப்பத்தால் வேரைச் சுடுகிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் வெப்பம் முடிக்குப் போகும். தோலும் கறுப்பாக இருந்தால் தோலே அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் மாறாத கருமையும் வரலாம். பெட்டிக்குள் தோல் நிறங்களின் அட்டை ஒன்று இருக்கும். கடும் நிறங்களுக்கு நேரே பாவிக்க வேண்டாம் என்று குறித்திருப்பார்கள். பலர் கையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறைவிடத்தில் பாவிக்கிறார்கள், ஆனால் மறைவிடத்தின் தோல் யாருக்கும் கையை விடக் கறுப்பாகவே இருக்கும். அது நோயுமல்ல, அழுக்குமல்ல. கரும் தோலுக்குப் பொருத்தமானது, 1064 நனோமீற்றர் அலைநீளத்தில் ஆழமாக ஊடுருவும் லேசர்; அதைத் தோல் வைத்தியரின் மேற்பார்வையில், பல தடவையாகச் செய்ய வேண்டும். மச்சாளுக்கு நன்றி சொல்லிக் கருவியைத் திருப்பி அனுப்புவதில் மனத்தாங்கல் எதுவும் வராது என்று நம்புகிறேன்.

கழுத்தின் பின்புறமும் கமக்கட்டும் வெல்வெற்றுத் துணி போலத் தடித்துக் கறுத்தால் மட்டும், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். நாடியிலும் முடி வந்து, மாதவிடாயும் பிந்திப் பிந்தி வந்தால், அதையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் அண்ணன், தம்பி, நான் மூவரும் ஒரே றேசரைத்தான் பாவிக்கிறோம், பிளேட்டைக் கழுவிவிட்டு. இதில் பிழை உண்டா? – நெடுங்கேணி வாசகர்

பதில்: உண்டு. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியில் ஈரல் அழற்சி பி, சி வைரசுகள் இருக்கலாம்; பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும், தண்ணீரில் கழுவினால் போகாது. நம் நாட்டில் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 2003 ஆம் ஆண்டிலிருந்தே படிப்படியாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் போட்டதில்லை. ஒருவருக்கு ஒரு றேசர் என்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

*

கேள்வி: எனக்கு இது முதல் பிள்ளை, எட்டாம் மாதம். வாட்டுக்குப் போவதற்கு முன் கீழே முழுதாக மழித்துக்கொண்டு போகாவிட்டால் ஏசுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. வயிறு மறைப்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கணவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – விசுவமடு வாசகி

பதில்: பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேட்டை வைக்காதீர்கள். இதுதான் முதல் பதில்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. நான் பயிற்சி பெற்ற காலத்தில் மகப்பேற்று வாட்டுக்கு வரும் எல்லோருக்கும் மழிப்பது வழக்கமாக இருந்தது, நானும் செய்திருக்கிறேன். தொற்று வராமல் தடுக்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தோம். பிறகு செய்த ஆய்வுகளில் அதனால் தொற்றுக் குறைந்ததாகக் காணப்படவில்லை. மழித்த தோலில் சிறு கீறல்களும், முடி திரும்ப வளரும்போது அரிப்பும் குத்தலும்தான் மிஞ்சின. உலகச் சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், இயல்பான பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கும் அப்படித்தான்: முடியை எடுக்காமலே விடலாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கத்தரிக்கும் கருவியால் எடுக்க வேண்டும், றேசரால் மழிக்கக் கூடாது என்று 2016 ஆம் ஆண்டே அதே நிறுவனம் உறுதியாகச் சொன்னது. பிளேட் போகும் வழியில் விடும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் பெருகும் என்பதே காரணம். முதல் நாள் வீட்டில் மழித்துக்கொண்டு போவது, சிசேரியன் செய்ய நேர்ந்தால், நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும்.

கர்ப்ப காலத்தில் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடியிருக்கும். சிறு வெட்டும் கூட இரத்தம் விடும், வாக்ஸ் வழக்கத்தை விட நோகும். நீளமாக இருப்பது உங்களுக்கே இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கத்தரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வைத்து உங்களால் முடியாவிட்டால், கணவரிடம் கேளுங்கள். சீப்பையும் கத்தரிக்கோலையும் எப்படிப் பிடிப்பது என்று முதல் கடிதத்தின் பதிலை அவரிடம் வாசிக்கக் கொடுத்தால், நீங்கள் வாய் திறந்து அதிகம் சொல்ல வேண்டியிராது. பிள்ளை பிறக்கும் நேரத்தில் உங்களோடு நிற்க வேண்டிய மனிதர் அவர். அடுத்த தடவை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது, நீங்கள் செல்லும் வைத்தியசாலையில் என்ன வழக்கம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். வாட்டில் யாராவது கேட்டால், கத்தரித்திருக்கிறேன், தேவையென்றால் நீங்களே கத்தரித்துவிடுங்கள் என்று அமைதியாகச் சொல்லலாம்.

*

கேள்வி: என் கணவருக்கு 2009 ஆம் ஆண்டு ஷெல் காயத்தால் முள்ளந்தண்டு பாதித்து, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீரைப் பைக்குள் வடிக்கும், ஆணுறை போன்ற கதீற்றர்தான் போடுகிறோம். அதன் ஒட்டுப்பசை முடியில் ஒட்டி, கழற்றும்போது முடியோடு தோலும் இழுபடுகிறது. கிறீம் போட்டு முடியை ஒரேயடியாக எடுத்துவிட்டால் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அவருக்கும் நோகாதுதானே? அவருடைய நண்பர் ஒருவர் ஜெய்ப்பூர் கால் என்னும் பொய்க்கால் போடுபவர். தான் காலின் மிச்சப் பகுதியை மழித்தே போடுவதாகச் சொல்கிறார். – முள்ளியவளை வாசகி

பதில்: அம்மா, அவருக்கு நோகாது என்பதுதான் இங்கே ஆபத்து. நோவு என்பது உடல் எழுப்பும் எச்சரிக்கை. முதல் கடிதம் எழுதிய பிள்ளை எரிவு தாங்காமல் கிறீமைக் கழுவினாள், உங்கள் கணவரின் தோல் வெந்துகொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்படி வரும் புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். கிறீம், வாக்ஸ் இரண்டையும் உணர்வில்லாத உடற்பகுதியில் ஒருபோதும் பாவிக்காதீர்கள். ஷெல் துண்டு பாய்ந்த தழும்பு, தீக்காயத் தழும்பு, தோல் ஒட்டிய இடம் ஆகியவற்றுக்கும் இதே விதி.

அவருடைய காயம் நெஞ்சுப்பகுதி முள்ளந்தண்டின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால், இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உணர்வில்லாத பகுதியில் ஒரு புண்ணோ, சிதழ்க்கட்டோ, மடங்கிய கதீற்றர்க் குழாயோ இருந்தால், அது அவருக்கு நோவாகத் தெரியாது. ஆனால் இரத்த அழுத்தத்தைச் சடுதியாக உயர்த்தும். தலையிடி பிளக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும். அப்போது அவரை நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே அடங்காவிட்டால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கதீற்றர் போடும் இடத்தில் முடியை மழிக்கவும் வேண்டாம். மழித்த தோலில் பசை ஒட்டினால் தோல் விரைவில் புண்ணாகும். ஆணுறுப்பின் அடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து, கத்தரித்த துகள்களைக் கழுவித் துடைத்துவிடுங்கள். பிறகு ஒரு கடதாசித் துவாயின் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாக உறுப்பை எடுத்து, கடதாசி முடியை மூடியிருக்கும்போதே கதீற்றரை உருட்டி அணிவித்து, ஒட்டிய பின் கடதாசியைக் கிழித்து எடுத்துவிடுங்கள். முடி பசையில் படாது. கழற்றும்போது வறண்ட நிலையில் இழுக்காமல், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்திருந்து, மெதுவாக உருட்டிக் கழற்றுங்கள். ஒவ்வொரு நாளும் மாற்றும்போது தோலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், அடிப்பகுதியையும் திருப்பிப் பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்தில் மாறாவிட்டால் அன்று கதீற்றர் போடாமல் விட்டு, கிளினிக்கில் காட்டுங்கள்.

நண்பரிடம், காலின் மிச்சப் பகுதியை மழிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மழித்த முடியின் முள் போன்ற முனைகள், பொய்க்காலின் குழிக்குள் ஒவ்வொரு அடிக்கும் அழுத்தப்பட்டு, தோலுக்குள் திரும்பிக் குத்தும். அங்கே வரும் ஒரு சிறு பரு அவரைக் கிழமைக்கணக்கில் கால் போட முடியாமல் செய்துவிடும். முடியை அப்படியே விட்டு, இரவில் காலைக் கழற்றியதும் அந்தப் பகுதியையும், உள்ளே போடும் சொக்சையும் கழுவி, இரண்டையும் விடியும் வரை நன்றாகக் காய விடட்டும். காலையில் கழுவி ஈரத்தோடு காலை மாட்டுவதுதான், நான் கண்ட வரையில், பலர் செய்யும் பிழை.